கண்ணுக்குத் தெரியாத புண்: புரோஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வாரங்கள்

புரோஸ்டேட் அறுவை சிகிச்சை தொடர்பாக வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்தபோது, அறுவை அரங்கில் என்ன நடக்கிறது என்று கேட்டவர்கள் ஓரிருவர்தான். வீட்டுக்கு வந்த பிறகு எது இயல்பு, எது ஆபத்து என்று கேட்டவர்களே மற்ற எல்லோரும். சிறுநீரியல் மருத்துவராக நான் பார்த்தவரை, இந்தக் குழப்பம் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. வெளியே தையல் இல்லை, அல்லது சிறு துளைகள் மட்டுமே இருக்கின்றன. அதனால் உள்ளேயும் பெரிதாகப் புண் இருக்காது என்று நோயாளியும் குடும்பத்தினரும் நினைத்துவிடுகிறார்கள்.

கேள்வி: எனக்கும் என் நண்பருக்கும் ஒரே மாதத்தில் புரோஸ்டேட் அறுவை சிகிச்சை நடந்தது. சிறுநீர் வடிவதற்காக வைத்த குழாயை அவருக்கு இரண்டாம் நாளே எடுத்துவிட்டார்கள். எனக்கு இரண்டு வாரம் இருக்கட்டும் என்று குழாயோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு மட்டும் ஏதேனும் தவறு நேர்ந்துவிட்டதா?

தவறு நேர்ந்ததற்கான அறிகுறி எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. உங்கள் இருவருக்கும் நடந்தவை வெவ்வேறு அறுவை சிகிச்சைகள் என்றுதான் தோன்றுகிறது. புரோஸ்டேட் என்பது சிறுநீர்ப்பையின் வாய்க்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் பாதையான சிறுநீர்த்தாரையைச் சுற்றி மோதிரம் போல அமைந்திருக்கும் சுரப்பி. வயது கூடும்போது அதன் உட்பகுதி பெருத்துத் தாரையை நெருக்கினால், தாரை வழியாகவே கருவியைச் செலுத்தி, நெருக்கும் சதையை மட்டும் சீவி எடுப்பது ஒரு வகை; இதைத்தான் டி.யூ.ஆர்.பி. என்கிறோம். லேசரால் அகற்றுவதும் ஏறக்குறைய இதே இனம். பழத்தின் உள்சதையைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தோலை அப்படியே விட்டுவைப்பதைப் போன்றது இது. இதில் குழாய் பெரும்பாலும் 1 முதல் 3 நாட்களில் வெளியே வந்துவிடும்.

புற்றுநோய்க்காகச் செய்வது வேறு. அதில் சுரப்பியை முழுவதுமாக, விந்துப் பைகளோடு சேர்த்து அகற்றிவிட்டு, சிறுநீர்ப்பையின் வாயைக் கீழே இழுத்து, அறுபட்ட தாரையோடு தைத்து இணைப்பார்கள். அந்தத் தையல் ஒட்டி ஆறும் வரை சிறுநீர் அதன்மீது படாமல் வடிய வேண்டும். அதற்காகத்தான் 7 முதல் 14 நாட்கள் வரை குழாய் உள்ளே இருக்கிறது. ஆகவே நண்பரின் நாட்கணக்கை உங்களுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் அறுவை சிகிச்சையின் பெயர் எழுதப்பட்டிருக்கும். அதைப் படித்து, உங்களுக்கு எது நடந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மற்றவர்கள் சொல்லும் அறிவுரைகளில் பாதி, உங்களுக்கு நடக்காத அறுவை சிகிச்சையைப் பற்றியவையாக இருக்கும்.

கேள்வி: என் கணவர் குழாயோடு வீட்டுக்கு வந்து நான்கு நாட்கள் ஆகின்றன. பையைக் காலி செய்வது, கழுவுவது எல்லாம் நான்தான். சில சமயம் குழாயின் பக்கவாட்டில் சிறுநீர் கசிந்து உடை நனைந்துவிடுகிறது. அப்போது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறார். நான் செய்வதில் ஏதாவது பிழையா?

உங்கள் பிழை எதுவும் இல்லை, அம்மா. குழாய் வெளியே நழுவாமல் இருப்பதற்காக, அதன் நுனியில் உள்ள சிறு பலூனில் நீரை நிரப்பிச் சிறுநீர்ப்பைக்குள் நிறுத்தியிருப்பார்கள். அந்தப் பலூன் சிறுநீர்ப்பையின் அடித்தளத்தில் உரசும்போது, சிறுநீர்ப்பை காலியாக இருந்தாலும் நிறைந்துவிட்டதாக ஏமாந்து, பலூனை வெளியே தள்ளுவதற்காக இறுக்கிச் சுருங்குகிறது. அந்த நேரத்தில் வரும் வலியைத்தான் அவர் தாங்க முடியாமல் துடிக்கிறார். பிழிந்து வரும் சிறுநீரில் கொஞ்சம் குழாயின் ஓரமாக வெளியேறுகிறது. சேகரிப்புப் பையிலும் வழக்கம்போலச் சிறுநீர் இறங்கிக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டியதில்லை. இந்தச் சுருக்கத்தைத் தணிக்க மாத்திரைகள் உண்டு; மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். குழாயை எடுப்பதற்கு முன் அந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மலச்சிக்கல் இருந்தால் இந்தத் துடிப்பு கூடும் என்பதையும் கவனியுங்கள்.

கசிவைப் பார்த்தவுடன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. தொடையிலிருந்து பை வரை குழாயை விரலால் தொட்டுக்கொண்டே போய், எங்காவது மடிந்திருக்கிறதா, அவர் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும். மடிப்பு எதுவும் இல்லாமலேயே இரண்டு மணி நேரமாகப் பையில் ஒரு சொட்டும் இறங்கவில்லை, அடிவயிறு கல் போல உப்புகிறது என்றால், ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மற்றபடி அன்றாடக் கவனிப்பு எளிதானதுதான். கைகளைச் சோப்பால் கழுவிய பின்னரே குழாயைத் தொடுங்கள். ஆணுறுப்பின் நுனியையும் அதையொட்டிய குழாய்ப் பகுதியையும் நாள்தோறும் சோப்பும் தண்ணீரும் கொண்டு மென்மையாகத் துடைத்தால் போதும். பவுடரோ கிருமிநாசினியோ பூச வேண்டாம். முன்தோலைப் பின்னால் தள்ளிக் கழுவினால், மறக்காமல் மீண்டும் முன்னால் இழுத்துவிட வேண்டும். குழாயைத் தொடையில் பட்டையாலோ ஒட்டும் பிளாஸ்திரியாலோ சற்றுத் தளர்வாக நிறுத்திவையுங்கள். அவர் எழும்போது பையின் எடை குழாயை இழுக்கக் கூடாது. பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும். ஒருவர் நடைப்பயிற்சியின்போது பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு என் அறைக்கு வந்தார். பார்ப்பவர்களுக்குத் தெரியக் கூடாது என்பது அவர் கவலை. ஆனால் பையில் இருந்த சிறுநீர் திரும்ப உள்ளே போக அது வழி செய்துவிடும். தொடையில் கட்டிக்கொள்ளும் சிறிய பை இருக்கிறது. தளர்வான கால்சட்டைக்குள் அது வெளியே தெரியாது. இரவில் அந்தச் சிறிய பையைக் கழற்ற வேண்டாம். அதன் அடியில் உள்ள திறப்பில் பெரிய பையை மாட்டித் திறப்பைத் திறந்துவிட்டால், குழாயின் இணைப்பைப் பிரிக்காமலேயே இரவு முழுவதும் தூங்கலாம். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். அப்போது திறப்பின் நுனி பாத்திரத்திலோ தரையிலோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். குழாயை எந்தச் சூழ்நிலையிலும் நீங்களாக இழுத்து எடுக்கக் கூடாது. முழுச் சுரப்பியும் அகற்றப்பட்டவருக்கு அது தானாகவே நழுவி விழுந்துவிட்டால், அருகில் இருக்கும் யாரையாவது அழைத்து மீண்டும் போடச் சொல்லவும் கூடாது; புதுத் தையலைக் குழாயின் நுனி கிழித்துவிடும். அறுவை சிகிச்சை செய்த குழுவிடம்தான் போக வேண்டும்.

கேள்வி: டி.யூ.ஆர்.பி. முடிந்து சிறுநீர் தெளிவாகவே போய்க்கொண்டிருந்தது. 12ஆம் நாள் காலையில் திடீரென்று சிவப்பாகப் போனது. முதல் நாள் மாடியில் பூந்தொட்டிகளை நகர்த்தினேன். அதனால்தானா?

தொட்டிகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் எதையும் தூக்காதவர்களுக்கும் 10 முதல் 14 நாட்களுக்குள் இப்படி நடப்பதுண்டு. முழங்காலில் சிராய்த்த புண்ணின்மேல் பொருக்குக் கட்டி, சில நாட்களில் உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். சதை சீவப்பட்ட இடத்திலும் அப்படியே பொருக்குக் கட்டுகிறது. அது உதிரும்போது அடியில் உள்ள மென்மையான புண் சற்றுக் கசிகிறது. முழுவதுமாகத் தோல் மூடுவதற்கு 6 வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

அன்றைய வேலைகளை நிறுத்திவிட்டு ஓய்வெடுங்கள். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ நீரின் அளவைக் குறைக்கச் சொல்லியிருந்தாலொழிய, வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தண்ணீர் குடியுங்கள். ஓரிரு நாட்களில் நிறம் வெளுக்கும். நிறத்தை எப்படி மதிப்பிடுவது என்று பலர் கேட்கிறார்கள்: ரோஜா நிறம், வெளிர்சிவப்பு என்றால் காத்திருக்கலாம்; கழிவறையில் ஒரே ஒரு துளி ரத்தம் கலந்தாலும் நீர் முழுவதும் சிவந்து தெரியும் என்பதால், ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்ப்பது நல்லது. எதிரே வைத்த எழுத்து குவளையின் ஊடே தெரியாத அளவுக்கு அடர்த்தியாக இருந்தால், கட்டி கட்டியாக வந்தால், அல்லது சிறுநீர் நின்றே போனால், காத்திருக்கக் கூடாது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த மாத்திரையை நீங்களாகத் தொடங்குவதும் தவறு, நீங்களாக நிறுத்துவதும் தவறு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இரண்டாவது தவறு உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

கேள்வி: நான்கு நாட்களாக மலம் போகவில்லை. எனிமா எடுத்துக்கொள்ளலாமா?

புற்றுநோய்க்காக முழுச் சுரப்பியும் எடுக்கப்பட்டிருந்தால், மருத்துவர் அனுமதிக்கும் வரை கூடவே கூடாது. மலக்குடலின் முன்சுவர் அறுவை நடந்த இடத்தை ஒட்டியே இருக்கிறது. எனிமாவின் முனையோ, ஆசனவாயில் வைக்கும் மருந்தோ, வெப்பமானியோ அங்கே காயம் ஏற்படுத்தலாம். மலத்தை இளக்கும் மருந்தை வாய்வழியாக எடுத்துக்கொள்ளுங்கள், நார்ச்சத்தும் தண்ணீரும் கூட்டுங்கள், நடங்கள். வலி நிவாரணிகளில் சில மலத்தைக் கட்டக்கூடியவை என்பதால், வலி குறைந்தவுடன் அவற்றை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். எந்த அறுவை சிகிச்சையாக இருந்தாலும் முக்கக் கூடாது. முக்கும்போது உள்ளே இருக்கும் புண்ணில் ரத்த அழுத்தம் ஏறும்.

கேள்வி: முழுச் சுரப்பியும் அகற்றி, குழாயை எடுத்து மூன்று வாரங்கள் ஆகின்றன. இருமினால், எழுந்தால் சிறுநீர் கசிகிறது. நாளொன்றுக்கு நான்கு பேட் மாற்றுகிறேன். தண்ணீரைக் குறைத்துப் பார்த்தேன், பயனில்லை. இது நிரந்தரமா?

மூன்றாவது வாரத்தில் நான்கு பேட் என்பது எங்கள் கணக்கில் மோசமான நிலை இல்லை. சிறுநீர் கசியாமல் காப்பதற்கு இயற்கை இரண்டு பூட்டுகளை வைத்திருக்கிறது. மேல்பூட்டு சிறுநீர்ப்பையின் வாயில், நாம் நினைக்காமலேயே மூடிக்கொண்டிருப்பது. சுரப்பியை அகற்றும்போது அதன் பெரும்பகுதி போய்விடுகிறது. கீழ்ப்பூட்டு புரோஸ்டேட்டுக்குக் கீழே இருக்கும் சுருக்குத்தசை. இத்தனை ஆண்டுகளாக உதவியாளாக இருந்த அந்தத் தசை, இப்போது ஒரே நாளில் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு வலு ஏற 3 மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். பெரும்பாலானவர்கள் அதற்குள் பேட் இல்லாமலோ, பாதுகாப்புக்காக ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோ இயல்பாக நடமாடத் தொடங்கிவிடுகிறார்கள். முதலில் இரவுக் கசிவு நிற்கும். பிறகு காலை நேரம் உலரும். தசை களைத்துப்போகும் மாலை வேளைதான் கடைசியாகச் சரியாகும். உங்கள் கசிவு எந்த நேரத்தில் அதிகம் என்று ஒரு நோட்டில் குறித்து வந்தால், முன்னேற்றம் உங்கள் கண்ணுக்கே தெரியும்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப்பையை எரிச்சலூட்டும், அவசரம் கூடும், தொற்றும் வரும். குறைக்க வேண்டியவை காபி, தேநீர், மது ஆகியவைதான். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து எதையும் நிறையக் குடிக்காமல் இருக்கலாம்.

பயிற்சிக்கு வருவோம். இடுப்புத் தளத் தசைகளை இறுக்கும் பயிற்சியை அமெரிக்க மகளிர் நோய் மருத்துவரான ஆர்னால்டு கெகல் 1948இல் எழுதினார்; பிரசவத்துக்குப் பிறகு பெண்களுக்கு ஏற்படும் கசிவுக்காக அவர் வகுத்தது இன்று ஆண்களுக்கும் கைகொடுக்கிறது. சரியான தசையைக் கண்டுபிடிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நாலு பேர் நடுவே வாயு பிரிந்துவிடாமல் அடக்குவதற்கு எதை இறுக்குவீர்களோ அதை இறுக்கி, அதோடு சிறுநீர் போவதை நடுவில் நிறுத்துவது போல முன்பக்கமும் உள்ளிழுங்கள். கண்ணாடி முன் நின்று செய்தால், ஆணுறுப்பின் அடிப்பகுதி லேசாக உள்வாங்குவதும் விரைகள் மேலெழும்புவதும் தெரியும். வயிறு, தொடை, பிட்டம் ஆகியவை இறுகினாலோ, மூச்சைப் பிடித்தாலோ தவறாகச் செய்கிறீர்கள் என்று பொருள். 5 வினாடிகளில் தொடங்கி 10 வினாடிகள் வரை இறுக்கிப் பிடித்து, அதே அளவு நேரம் முழுமையாகத் தளர்த்துங்கள். இப்படி 10 முறை, நாளைக்கு மூன்று வேளை. தளர்த்துவதும் பயிற்சியில் சேர்ந்ததுதான். நாள் முழுவதும் இறுக்கிக்கொண்டே இருப்பவர்களுக்குத் தசை சோர்ந்து கசிவு கூடுகிறது. குழாய் உள்ளே இருக்கும்போது இதைச் செய்யக் கூடாது. உண்மையிலேயே சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதும் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட உடனடிப் பலன் தருவது ஒரு சிறு வழக்கம். இருமல், தும்மல் வரும் முன்பும், நாற்காலியிலிருந்து எழும் முன்பும், அரை வினாடி முந்திக்கொண்டு அந்தத் தசையை இறுக்குங்கள். முதல் வாரம் மறக்கும். பிறகு கை தானாக வாயைப் பொத்துவது போல இதுவும் பழகிவிடும். ஓராண்டு கடந்தும் கசிவு வாழ்க்கையை முடக்கினால், தாரையைத் தாங்கும் பட்டையும் செயற்கைச் சுருக்குக் கருவியும் இருக்கின்றன. அதற்குள் அந்தப் பேச்சை எடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: எப்போது வண்டி ஓட்டலாம், பேத்தியைத் தூக்கலாம்?

நடப்பதும் மாடி ஏறுவதும் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே சரிதான்; ஒரே இடத்தில் படுத்திருப்பதுதான் கெடுதல். 5 கிலோவுக்கு மேற்பட்ட எதையும் 6 வாரம் தூக்க வேண்டாம். பேத்தி எத்தனை கிலோ என்று நீங்கள் எழுதவில்லை. குழாய் எடுத்த பின், நீங்கள் உட்கார்ந்துகொண்டு அவளாக மடியில் ஏறட்டும். குழாய் இருக்கும் வரை கார் ஓட்டக் கூடாது. எடுத்த பிறகும், திடீரென்று பிரேக்கை ஓங்கி மிதிக்க வலி தடையாக இல்லை என்ற நிலை வந்த பின்னரே ஓட்ட வேண்டும். சைக்கிள், இருசக்கர வாகனம் ஆகியவற்றின் இருக்கை நேராகப் புண்ணுக்கு அடியில் அழுத்தும் என்பதால், அவற்றுக்கு 6 வாரமும் மருத்துவரின் சம்மதமும் தேவை.

கேள்வி: அப்பாவைத் தனியாகக் கவனித்துக்கொள்கிறேன். எதற்காக நள்ளிரவில் மருத்துவரை எழுப்பலாம்?

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எழுப்புங்கள். சிறுநீர் முற்றிலும் நின்றுபோனால், குழாய் எடுத்த அன்று எத்தனை முயன்றும் போகாவிட்டால், கட்டிகளோடு அடர்சிவப்பாகப் போனால், வயிற்றுவலி நேரத்துக்கு நேரம் கூடினால் எழுப்புங்கள். ஒரு கால் மட்டும் கெண்டைச் சதையில் வீங்கி வலித்தால், அது நரம்புப் பிடிப்பு என்று எண்ணித் தேய்த்துவிட வேண்டாம், ரத்தம் உறைந்திருக்கலாம். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் மருத்துவரை அழைத்துக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள். புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ரத்த உறைவைத் தடுக்கும் ஊசியைச் சிலருக்கு 28 நாட்கள் வரை எழுதித் தருகிறோம். நன்றாக நடக்கிறாரே என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: டி.யூ.ஆர்.பி. செய்துகொண்டேன். இனி பி.எஸ்.ஏ. பரிசோதனை தேவையில்லைதானே?

தேவை. பி.எஸ்.ஏ. என்பது புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்; ரத்தத்தில் அதன் அளவைப் பார்ப்பதே இந்தப் பரிசோதனை. உங்களுக்கு உள்சதையை மட்டும்தான் எடுத்திருக்கிறார்கள்; முன்பு சொன்ன பழத்தின் தோலைப் போன்ற வெளிப்பகுதி இன்னும் உள்ளே இருக்கிறது. புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவது அந்த வெளிப்பகுதியில்தான். சீவி எடுத்த சதையைத் திசு ஆய்வுக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த அறிக்கையை வாங்காமலேயே பலர் விட்டுவிடுகிறார்கள், நீங்கள் கேட்டு வாங்குங்கள். முழுச் சுரப்பியும் அகற்றப்பட்டவர்களுக்கு 6 முதல் 8 வாரங்களில் முதல் பரிசோதனை செய்யப்படும். அப்போது அளவு மில்லிலிட்டருக்கு 0.1 நானோகிராமுக்கும் கீழே இறங்கியிருக்க வேண்டும்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்): புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. விறைப்பு அறவே இல்லை. மருத்துவரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. மனைவியிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டேன்.

உங்கள் மருத்துவர் இந்தக் கேள்வியை நாள்தோறும் கேட்பவர். அவருக்குக் கூச்சம் இருக்காது. விறைப்புக்கான நரம்புகள் சிலந்தி இழை போலச் சுரப்பியின் இருபுறமும் ஒட்டிச் செல்கின்றன. அவை ஓடும் பாதையைத் தெளிவாகக் கண்டறிந்து, அவற்றைக் காப்பாற்றிச் செய்யும் முறையை 1982இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பேட்ரிக் வால்ஷ் தொடங்கிவைத்தார். அதற்கு முன்பு இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் விறைப்பு மீளும் என்று பெரும்பாலும் எதிர்பார்த்ததில்லை. ஆனால் காப்பாற்றப்பட்ட நரம்பும் இழுபட்டு மரத்துப்போகும். அது விழித்தெழ 18 முதல் 24 மாதங்கள் வரைகூட ஆகலாம். ஐந்தாவது மாதத்தில் தீர்ப்பு எழுத முடியாது. உங்களுக்கு இருபுற நரம்புகளும் காக்கப்பட்டனவா, ஒருபுறம் மட்டுமா, இரண்டுமே எடுக்கப்பட்டனவா என்பதை அறுவை சிகிச்சைக் குறிப்பிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; பதில் அதைப் பொறுத்தே மாறும்.

இடைப்பட்ட காலத்தில் சில்டெனாஃபில் வகை மாத்திரை, வெற்றிடக் கருவி, ஆணுறுப்பில் போடும் ஊசி எனப் படிப்படியாக வழிகள் உண்டு. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் அபாயகரமாகச் சரிந்துவிடும். உச்சத்தின்போது விந்து வராது, ஏனெனில் அதைச் சுரக்கும் உறுப்புகள் இல்லை; ஆனால் உச்ச உணர்வு இருக்கும், விறைப்பு இல்லாவிட்டாலும் இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. டி.யூ.ஆர்.பி. செய்தவர்களின் நிலை வேறு: அவர்களுக்குப் பெரும்பாலும் விறைப்பு பாதிக்கப்படுவதில்லை, விந்து மட்டும் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய், பிறகு சிறுநீரோடு வெளியேறும். அதனால் தீங்கு எதுவும் இல்லை.

அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். என் அறையில் பலமுறை நடந்திருப்பது இதுதான்: கணவர் பரிசோதனை முடிவுகளையே பேசிவிட்டு எழுந்துவிடுவார், கதவருகே போன பிறகு மனைவிதான் திரும்பிவந்து உட்கார்ந்து, "இன்னொன்றும் கேட்க வேண்டும், டாக்டர்" என்பார்.